உப்புக்காற்றில் ஓடும் வண்டிகள்: வாசகர் கேள்வி - பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும்?" என்றுதான் தொடங்குகின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் நம் கரையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: இந்த வண்டி உப்பைத் தாங்குமா? லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுத்த வண்டி மூன்றாம் வருடமே துருவேறினால், மிச்சம் பிடித்த பணம் முழுக்க டிங்கரிங் கடைக்குப் போய்விடும். பதில்களை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வீடு கடலுக்குப் பக்கம். ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார் மனைவி, பைக் வாங்கச் சொல்கிறார் அண்ணன். எதை வாங்க?
(வாசகர், மண்டபம்)

பதில்: உங்கள் விஷயத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. போகவர சுமார் 75 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் ஏறக்குறைய 1,900 கி.மீ. ஓடுவீர்கள். 100 சி.சி. பைக் லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தால் மாதம் 32 லிட்டர் போதும். 110 சி.சி. ஸ்கூட்டர் 45 கொடுத்தால் 42 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,000 ரூபாய் வித்தியாசம். ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்கில் டேங்க் 9.8 லிட்டர், ஆக்டிவாவில் 5.3 லிட்டர். ஸ்கூட்டர் என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை பங்க்கில் நிற்க வேண்டியிருக்கும்.

பெட்ரோலை விட முக்கியம் சக்கரம். பைக்கில் 17 அல்லது 18 அங்குலம், ஸ்கூட்டரில் 10 அல்லது 12. நெடுஞ்சாலையில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும், ரோட்டோரம் மணல் படிந்திருக்கும்போதும் பெரிய சக்கரம்தான் நிதானம் தரும். மனைவியும் ஓட்ட வேண்டும், கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் என்றால் பதில் மாறும். அப்போது ஸ்கூட்டரே நல்லது.

பைக்கில் எந்த மாடல் வாங்கினாலும் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர் இரண்டும் இருக்கட்டும். ஸ்போக்ஸ் கம்பியில் துரு முதலில் பிடிப்பது ரிம்மில் கம்பி சேரும் நிப்பிளில்தான். பிடித்துவிட்டால் வீல் கோட்டம் எடுக்க முடியாது, திருகினால் கம்பி ஒடியும். குரோம் பூசிய கிராஷ் கார்டு, சாரி கார்டு, கேரியர் எல்லாம் கண்ணுக்கு அழகு, கடற்கரைக்கு ஆகாது. குரோமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே துரு பரவி மேலே உரிந்து வரும். கருப்பு பவுடர் கோட்டிங் கொடுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பைக் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. தினமும் போர் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் போல்ட் எல்லாம் துரு. தெருவில் கழுவவே கழுவாத பழைய வண்டி எல்லாம் நல்லா இருக்கு. என்ன தப்பு செய்கிறேன்?
(வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் அக்கறையில் குறை இல்லை. தண்ணீரிலும் தார்ப்பாயிலும்தான் கோளாறு.

கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் கழுவினால் அழுக்கு போகும், ஆனால் தண்ணீர் காய்ந்ததும் அதிலிருந்த உப்பு வண்டியிலேயே தங்கிவிடும். காற்று கொண்டுவந்த உப்பின் மேல் நீங்களும் தினமும் ஒரு பூச்சு போட்டு வருகிறீர்கள். சோதிப்பது எளிது. கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் போர் தண்ணீர் நாலு சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாகத் தடிப்பு விழுந்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம்.

உப்பு இருக்கும் இடத்தில் துரு ஏன் இவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சி நீராகக் கரையும். கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் இராத்திரி முழுக்க உங்கள் வண்டியின் இரும்பு உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. அதன் மேல் தார்ப்பாயைப் போட்டால் காற்றோட்டமும் போச்சு. காலையில் வெயில் ஏறினாலும் உள்ளே ஈரம் காயாது. கழுவாத அந்தப் பழைய வண்டி திறந்தவெளியில் காய்கிறது, எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குக் காவலாக இருக்கிறது.

இனிமேல் இப்படிச் செய்து பாருங்கள். தினமும் கழுவ வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய்வந்தால் மட்டும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். சைலன்சர் ஆறியபிறகு தொடங்குங்கள். சேறும் மணலும் போக போர் தண்ணீரே போதும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். குழாயில் வரும் காவிரி குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ இரண்டு வாளி போதும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று மனம் தயங்கும். தயக்கம் சரிதான். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துவைக்கச் சொல்கிறோம். வண்டிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. டிரம்மை மட்டும் கொசு புகாதபடி மூடிவையுங்கள்.

நல்ல தண்ணீரை டேங்க் மேல் ஊற்றித் தீர்த்துவிடாதீர்கள். பெயின்ட் பூசிய டேங்குக்கு ஈரத்துணி போதும். மட்கார்டின் உள்பக்கம், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு ஸ்பிரிங், எஞ்சின் அடிப்பக்கம், சைலன்சர் பிராக்கெட் என உப்பு ஒளிந்திருக்கும் இடங்களில் மக்கால் ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷரை வீல் பேரிங், ஸ்விட்ச், ஒயர் சாக்கெட் பக்கம் காட்ட விடாதீர்கள். துடைத்தபின் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்தால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும்.

துரு பிடித்த போல்ட்டுகளை ஒயர் பிரஷால் தேய்த்து, மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரேயை ஒரு கிண்ணத்தில் அடித்துக்கொண்டு சின்ன பிரஷால் பூசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பிரேக் டிஸ்க், டிரம், டயர் மூன்றிலும் துளிகூடப் படக்கூடாது. கழிவு ஆயிலில் டீசல் கலந்து வண்டியடியில் அடித்துவிடும் வழக்கம் இங்கே உண்டு. அது வேண்டாம். டீசல் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். பிசுக்கில் மணல் ஒட்டி, அது அரைக்கும் பசையாகிவிடும். தார்ப்பாய்க்குப் பதில் கூரை நிழலே போதும். மூடியே ஆக வேண்டும் என்றால் காற்றுப் போகும் துணி உறை, அதுவும் வண்டி நன்றாகக் காய்ந்த பிறகு.

கேள்வி: எக்ஸ்.எல். 100-ல் மீன் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்கிறேன். பின் பிரேக் பிடித்தால் விட மாட்டேன் என்கிறது, செயின் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. வண்டியை மாற்றலாமா?
(வாசகர், தொண்டி)

பதில்: வண்டியை மாற்ற வேண்டாம், ஐஸ் தண்ணீரின் வழியை மாற்றுங்கள். இந்தத் தொழிலுக்கு எக்ஸ்.எல். மாதிரி தோதான வண்டி குறைவு. கியர் இல்லை, எடை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். 10 கிலோ ஐஸ் வைத்தால் உருகும்போது 10 லிட்டர் தண்ணீர். அது வெறும் தண்ணீர் இல்லை, மீனின் உப்பும் இரத்தமும் கொழுப்பும் கலந்தது. பெட்டி அடியிலிருந்து வடிந்து அது நேராகச் செயினிலும் பின் டிரம்மிலும் சைலன்சரிலும் விழுகிறது.

தெர்மாகோல் பெட்டிக்கு அடியில் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். தட்டின் பின்மூலையில் ஓட்டை போட்டு அரை அங்குல ஹோஸ் மாட்டி, கீழே தொங்கும் 5 லிட்டர் கேனில் விடுங்கள். வழியில் எங்காவது மண்ணில் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஹோஸை ரோட்டில் விட்டுவிடாதீர்கள். மீன் தண்ணீர் விழுந்த தார் ரோட்டில் பின்னால் வரும் இரண்டு சக்கர வண்டி வழுக்கும். வளைவிலும் பாலத்திலும் அது உயிர் போகிற விஷயம்.

பிரேக் விட மறுப்பதற்குக் காரணம் பிரேக் கேம். பிரேக்கைப் பிடிக்கும்போது ஷூவை விரிக்கும் அந்தச் சின்னத் தண்டு, அதன் துளையிலேயே துருப்பிடித்து இறுகிவிடுகிறது. ஷூ டிரம்மிலேயே உரசிக்கொண்டு ஓடும். டிரம் சூடேறும், மைலேஜ் விழும். ஷூவை மட்டும் மாற்றினால் பத்து நாளில் பழைய கதைதான். சக்கரத்தைக் கழற்றி, கேமை வெளியே எடுத்து, தண்டையும் துளையையும் எமரித் தாளால் தேய்த்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவிப் போடச் சொல்லுங்கள். கிரீஸ் அதிகமானால் உருகி ஷூவில் இறங்கி பிரேக்கே பிடிக்காது. அதே கையோடு சக்கரத்தின் அச்சுக்கும் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். கடற்கரை வண்டிகளில் அச்சு ஸ்விங் ஆர்மோடு ஒட்டிக்கொண்டு, பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது சுத்தியலுக்கும் அசையாமல் நிற்பது வழக்கமாக நடப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பூசினால் அந்தத் தொல்லை வராது.

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் கழுவி, துடைத்து, காய்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் மணி கழித்து மிகுதியைத் துடைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை என்றால் உங்களுக்கு வாரம் ஒருமுறை. பெட்ரோலால் கழுவாதீர்கள். தேய்ந்த செயினோடு ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருக்கும், மாற்றினால் செட்டாக மாற்றுங்கள். பாரத்தைப் பின் அச்சுக்கு முன்னால், சீட்டை ஒட்டி வையுங்கள். கேரியரின் வால் பக்கம் பாரம் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

கேள்வி: சவுதியில் வேலை. வருஷத்தில் ஒன்றரை மாதம்தான் ஊரில் இருப்பேன். ஒவ்வொரு தடவையும் வந்ததும் பைக் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. வீட்டில் வாப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. எப்படி வைத்துவிட்டுப் போக?
(வாசகர், கீழக்கரை)

பதில்: நம்பிக்கையான ஒருவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடுத்து 10 கி.மீ. ஓட்டிவிட்டு வைப்பதுதான் முதல் வழி. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எரிந்த பெட்ரோலின் நீராவி சைலன்சருக்குள் குளிர்ந்து தண்ணீராகத் தங்கும். எஞ்சின் முழுச்சூடு ஏறினால்தான் அது வெளியேறும். உள்ளிருந்து அரித்த சைலன்சருக்கு வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தும் பயனில்லை.

ஓட்ட ஆளே இல்லை என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் இவ்வளவும் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பத்து மாதம் பேரிங்கில் ஊறக் கூடாது. டேங்கை முழுக்க நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் அங்கே ஈரக்காற்று புகுந்து டேங்க் உள்ளே துரு பிடிக்கும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், முடிந்தால் பேட்டரியையே எடுத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். பி.எஸ். 6 வண்டிகளில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் கிக்கர் உதைத்தும் பலன் இருக்காது. பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் வேண்டும். பிளக்கைக் கழற்றி அரை ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக நாலு முறை மிதித்துத் திரும்ப மாட்டுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் காற்றை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி, சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். கட்டியதை ஒரு சீட்டில் எழுதி மீட்டர் மேல் ஒட்டிவிடுங்கள், திரும்பி வந்த அவசரத்தில் மறந்துபோகும்.

கேள்வி: மாதம் மூன்று பஞ்சர். எல்லாம் கருவ முள். டியூப்லெஸ் டயரில் முள்ளைப் பிடுங்குவதா, விடுவதா?
(வாசகி, தேவிபட்டினம்)

பதில்: ஓட்டத்தில் கண்டால் பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக இருந்து காற்றைப் பிடித்துவைக்கும், கடை வரைக்கும் மெதுவாகப் போய்ச் சேரலாம். சீமைக்கருவேல முள்ளின் தொல்லை என்னவென்றால் அது டயருக்குள் ஒடியும். வெளியே தெரிவதைப் பிடுங்கிவிட்டு, உள்ளே நிற்கும் நுனியை விட்டால் ஓடஓட அது ஏறிவந்து பத்து நாளில் மறுபடி காற்று இறங்கும். மெழுகுக் கயிறு வைத்து அடைத்தும் காற்று நிற்காவிட்டால் டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் துழாவிப் பார்க்கச் சொல்லுங்கள். டியூப் டயர் வண்டிக்காரர்கள் பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் இதைச் செய்தே ஆக வேண்டும். டயரின் பக்கச் சுவரில் முள் ஏறினால் ஒட்டு நிற்காது, டயரை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், ஒரு குழந்தை. பழைய கார் வாங்கலாம் என்றிருக்கிறோம். ஆல்டோ, வேகன் ஆர், க்விட் மூன்றும் பார்த்தோம். எது? பழைய காரில் துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, பெரியபட்டினம்)

பதில்: வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வேகன் ஆர். சீட் உயரம் என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் குனிந்து இறங்கி ஏற வேண்டாம். 2019-ல் வந்த புது வடிவத்தில் டிக்கி 341 லிட்டர். ஆல்டோ மூன்று பேருக்கு நல்ல கார், ஐந்து பேருக்கு நெருக்கடி. க்விட்டின் பலம் 184 மி.மீ. தரையிடைவெளி. ஊருக்குள் மண்ரோடு, மேடுபள்ளம் என்றால் அதை யோசிக்கலாம். மாடல் எதுவானாலும் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதைத் தேடுங்கள். ஏ.பி.எஸ். (சடன் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது) அந்த வருடம் ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் ஜூலையிலும் கட்டாயமானது. சில ஆயிரம் குறைவு என்று அதற்கு முந்தைய காரை எடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

துரு பார்ப்பதற்கு விரல், காந்தம், டார்ச் மூன்றும் போதும். காரைப் பகலில், கழுவாத நிலையில் பாருங்கள். முதலில் நான்கு கதவுகளையும் திறந்து அடிவிளிம்பில் விரலை ஓட்டுங்கள். அங்கே சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அவை மணலால் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்து அரித்திருக்கும். பெயின்ட் கொப்புளம் போலத் தூக்கியிருந்தால் அடியில் இரும்பு போய்விட்டது என்று அர்த்தம். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வையுங்கள். பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. (பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்படியும் ஒட்டாது.) அடுத்து ஓட்டுநர் காலடி மேட்டைத் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். பானட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் மேல்முனை போல்ட் போட்டிருக்கும் மேடையைச் சுற்றிப் பாருங்கள். பிறகு குனிந்து, ஜாக்கி வைக்கும் இடம், அடிச்சட்டம், பிரேக் குழாய். சஸ்பென்ஷன் மேடை முதல் பிரேக் குழாய் வரை சொன்ன இந்த நாலு இடத்தில் தகடாக உரிந்துவந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். அவை காரின் எலும்பு. சைலன்சரும் சஸ்பென்ஷன் ஆர்மும் மேலோட்டமாகப் பழுப்பேறியிருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

ஏ.சி. கண்டென்சரை முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினிய இதழ்கள் தொட்டால் மாவாக உதிர்ந்தால் சீக்கிரமே கேஸ் ஒழுகும். உப்புக்காற்று ஊர்களில் ஏ.சி. கெடுவதற்கு இது பெரிய காரணம். ரேடியேட்டரில் பச்சை, சிவப்பு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் என்றால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு, டப்பாவில் சொன்ன அளவில் கலப்பதுதான் முறை.

2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை நினைவில் வையுங்கள். அப்படி மூழ்கிய கார் துடைத்துத் துலக்கி வேறு மாவட்டத்தில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக்கறையும் பூஞ்சை வாடையும் இருந்தால் விலகிவிடுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று. கடன் இருந்த கார் என்றால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். டி.என். 65 பதிவெண் என்றால் வண்டி ராமநாதபுரத்தில் பதிவானது, கடல்காற்றில் இருந்திருக்கலாம். மேலே சொன்ன சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. கார் லாபமா?
(வாசகர், ஏர்வாடி)

பதில்: மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓடினால், போகிற வழியிலேயே சி.என்.ஜி. நிலையம் இருந்தால் லாபம். கேஸ் போடுவதற்காகவே 20 கி.மீ. போய்வந்தால் கணக்கு தலைகீழ். டிக்கி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். 60 லிட்டர் சிலிண்டரில் நடைமுறையில் எட்டு, ஒன்பது கிலோதான் ஏறும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை கட்டாயம். சிலிண்டர் தாங்கியும் அதன் போல்ட்டுகளும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் பொருத்தும் கிட் வேண்டாம், கம்பெனியில் பொருத்தி வருவதையே வாங்குங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே தினமும் 40 கி.மீ. அலைகிறேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் உப்புக்காற்றுக்குத் தாங்குமா? கரண்ட் பில் என்ன ஆகும்?
(வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: தினம் 40 கி.மீ., இராத்திரி வீட்டிலேயே சார்ஜ் என்றால் எலெக்ட்ரிக் பொருந்தும். 3 யூனிட் பேட்டரி ஊருக்குள் 75 முதல் 100 கி.மீ. வரை போகும். எதிர்காற்றில் குறையும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 4 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 2,400 கி.மீ. ஓடினால் சுமார் 96 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 800 ரூபாய்க்குள். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல். ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வீட்டு உபயோகம் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால், இந்த 96 சேர்ந்து அதைத் தாண்டும்போது கட்டண விகிதமே மாறி மொத்த பில்லும் ஏறும்.

பேட்டரியில் ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். அது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. கடல்நீருக்கு அது உத்தரவாதம் ஆகாது. அலை ஏறும் இடத்தில் வண்டியை இறக்காதீர்கள். முதலில் கெடுவது பேட்டரி அல்ல, சார்ஜிங் சாக்கெட்டின் பின்களும் ஒயர் இணைப்புகளும். பின்னில் பச்சை பூத்தால் தடை கூடிச் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். மூடியைத் திறந்தே விடாதீர்கள், மாதம் ஒருமுறை, சார்ஜர் இணைப்பில் இல்லாதபோது, கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். வீட்டு எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. உவர்மண்ணில் பிடிக்கும், ஆனால் எர்த்துக்குப் புதைத்த ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) சில வருடத்தில் அரித்துப்போகும். இரண்டு வகை மண்ணும் உங்கள் தீவில் உண்டு.

கேள்வி: பதினைந்து வருஷ பைக். புது பெட்ரோல் வந்த பிறகு இடையிடையே அணைகிறது, மைலேஜும் குறைவு. என்ன செய்யலாம்?
(வாசகர், உச்சிப்புளி)

பதில்: இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், எனவே கொஞ்சம் மைலேஜ் குறைவது வண்டியின் குற்றமல்ல. அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் இன்னொன்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதோடு பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் எத்தனால் கரைத்து, தூள் கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் பாயும் சின்னத் துளை) போய் அடைக்கிறது. பெட்ரோல் குழாயையும் டேப் வாஷரையும் புதிதாக மாற்றுங்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். மிக்சர் திருகைக் கால் சுற்று பெட்ரோல் கூடும் பக்கம் திருப்பினால் ஐடிலிங் அணையாமல் சீராக இருக்கும். டேங்க் மூடி ரப்பரைப் பாருங்கள், வெடித்திருந்தால் மழைநீரும் அதன் வழிதான் இறங்கும். பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டரில் மனைவி, குழந்தையோடு பாம்பன் பாலத்தில் போகும்போது வண்டி இழுக்கிறது. வண்டிக் கோளாறா?
(வாசகர், சாயல்குடி)

பதில்: கோளாறு இல்லை, காற்று. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடலுக்கு மேலே உயரம், மறைப்பு ஏதும் கிடையாது. பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். சாலையில் போகிறவர்தான் தன் அளவில் முடிவெடுக்க வேண்டும். ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றிலும் மார்கழி வாடைக் காற்றிலும் கூடுதல் கவனம். ஏறுவதற்கு முன் கொடிக்கம்பமோ தென்னையோ எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். வேகம் 40-க்குள், ஹேண்டிலை இறுக்காமல் பிடித்து, ஓரத்தை விட்டு உங்கள் வழித்தடத்தின் நடுவில் ஓட்டுங்கள். பஸ்ஸோ லாரியோ எதிரே கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து மறுகணம் திரும்ப அடிக்கும். வண்டி தடுமாறுவது அந்த இடத்தில்தான். படம் எடுக்க நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். குழந்தை நடுவில் உட்காரட்டும், முன்னால் நிற்க வேண்டாம். ஹெல்மெட் குழந்தைக்கும் சேர்த்து.

கேள்வி: சைலன்சரில் துரு. பெயின்ட் அடித்தால் ஒரு மாதத்தில் உரிகிறது.
(வாசகர், வாலிநோக்கம்)

பதில்: உப்பளத்துப் பக்கம் இருக்கிறீர்கள், துரு வேகம் அதிகம்தான். சாதாரண பெயின்ட் சூட்டில் கருகும். 600 டிகிரி தாங்கும் ஹீட் புரூஃப் கருப்பு பெயின்ட் வாங்குங்கள். சைலன்சரைக் கழற்றி, ஒயர் பிரஷ், 120 நம்பர் எமரி இரண்டாலும் துருவைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தின்னர் துணியால் துடையுங்கள். துடைத்தபின் கை படக்கூடாது, வியர்வை உப்பு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. ஒரே தடவையில் தடிமனாக அடிக்காமல், கால் மணி இடைவெளியில் மெல்லியதாக மூன்று கோட். ஒரு நாள் காயட்டும். மாட்டியபின் ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், பிறகு பத்து நிமிடம், பிறகு அரை மணி நேர ஓட்டம். சூட்டில் வெந்தால்தான் அந்தப் பெயின்ட் இறுகும். அடிப்பக்கம் ஊசித் துளை போல ஒன்று இருந்தால் பட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள். அது துருவால் வந்த ஓட்டை அல்ல, உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய கம்பெனி போட்ட வழி.